வெயில் முற்றுவதற்குள் மாற்ற வேண்டிய வழக்கங்கள்

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளியில் படித்தோம். நாமக்கல் மாவட்டம் வெண்ணந்தூரிலோ பங்குனியிலேயே வெயில் உறைக்கிறது. விசைத்தறிக் கூடங்களுக்குள் நின்று வேலை செய்பவர்களுக்கு வெக்கை இன்னும் அதிகம்.

தறி நின்றால் கூலி குறையும் என்று தாகத்தை அடக்கிக் கொள்பவர்கள் நம்மிடையே உண்டு. வியர்வையில் நீர் வெளியேற வெளியேறச் சிறுநீர் அடர்த்தியாகிறது. அதிலுள்ள உப்புகள் படிந்து சிறுநீரகக் கல்லாகலாம். கல் வலியால் படுத்துவிட்டால் போகும் கூலி எவ்வளவு? தண்ணீர் குடிக்க ஆவதோ இரண்டே நிமிடம்.

எனவே, தறிக்குப் பக்கத்திலேயே தண்ணீர் வைத்துக் கொள்வோம். தாகம் எடுக்கும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்போம். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் குடித்தது போதவில்லை என்று பொருள். 300 மில்லி கோலா பானத்தில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதற்குப் பதில் நீர்மோரும் கம்பங்கூழும் போதும்.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெயில் ஏறும் முன் தினமும் 30 நிமிடம், வாரத்தில் 5 நாள் வேகமாக நடந்தால் அந்தக் கணக்கு சரியாகிவிடும்.

இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் தண்ணீரின் அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொள்ள வேண்டும். இப்போதே பழகிக் கொண்டால் கத்திரி வெயிலையும் நலமாகக் கடக்கலாம்.