கண்ணாடிக் கெண்டி

கண்ணாடிக் கெண்டி என்பது அடுப்பின் மீது நேரடியாக வைத்து நீரைக் கொதிக்க வைப்பதற்குப் பயன்படும், வெப்பந்தாங்கும் கண்ணாடியாலான, மூக்குடைய கலம் ஆகும். இத்தகைய கலம் இலங்கைத் தமிழில் கேத்தல் எனவும், தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் கெட்டில் எனவும் அழைக்கப்படுகின்றது. உள்ளிருக்கும் நீர் வெளியே தெரிவதும், நீரின் சுவை மாறாதிருப்பதும் இதன் முதன்மையான நன்மைகள் ஆகும். எனினும், அடுப்பில் வைப்பதற்கென்றே செய்யப்பட்ட கண்ணாடியாக இருந்தால் மட்டுமே இவற்றைப் பாதுகாப்பாகப் பெற இயலும்.

வரலாறு

1884 ஆம் ஆண்டில் செருமனியின் யேனா நகரில் ஒட்டோ சொட் என்பவர் ஏர்ண்ஸ்ட் அபே, கார்ல் சைசு ஆகியோருடன் இணைந்து கண்ணாடி ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். அங்கு 1880களில் உருவாக்கப்பட்ட போரோசிலிக்கேட் கண்ணாடி, முதலில் ஆய்வுக்கருவிகளுக்கும் விளக்குக் கண்ணாடிகளுக்கும் பயன்பட்டது. 1915 இல் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனம் பைரெக்ஸ் என்னும் பெயரில் சூளையடுப்பில் வைக்கத்தக்க கண்ணாடிப் பாத்திரங்களை வெளியிட்டது. தீயின் மேல் நேரடியாக வைப்பதற்கான பாத்திரங்களை அது 1936 இல் தனி வரிசையாக அறிமுகப்படுத்தியது. சூளையடுப்பைத் தாங்கும் கண்ணாடி எல்லாம் தீச்சுடரைத் தாங்கும் என்று கொள்ளக்கூடாது என்பதை இது காட்டுகின்றது.

கண்ணாடியின் தன்மை

போரோசிலிக்கேட் கண்ணாடியில் ஏறத்தாழ 80% சிலிக்காவும் 13% போரான் ஆக்சைடும் உள்ளன. வெப்பநிலை 100 பாகை செல்சியசு உயரும்போது, ஒரு மீட்டர் நீளமுள்ள சாதாரண சோடா சுண்ணாம்புக் கண்ணாடி ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் நீள்கிறது. அதே நீளமுள்ள போரோசிலிக்கேட் கண்ணாடி ஏறத்தாழ 0.33 மில்லிமீட்டர் மட்டுமே நீள்கிறது. கண்ணாடி வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதால், ஒரு பகுதி சூடாகவும் மறுபகுதி குளிர்ந்தும் இருக்கும்போது அவை வெவ்வேறு அளவில் விரிந்து ஒன்றையொன்று இழுக்கின்றன. விரிவு குறைவாக இருந்தால் இந்த இழுவிசையும் குறையும். உடையும் வாய்ப்பும் குறையும்.

நன்மைகள்

* நீரின் நிலை தெரிதல்: எட்டாம் நூற்றாண்டில் சீனாவின் லூ யூ இயற்றிய தேயிலை நூல், குமிழ்களின் தோற்றத்தைக் கொண்டு கொதிநிலையை மூன்று கட்டங்களாகப் பிரிக்கின்றது. உலோகக் கெண்டியில் மூடியைத் திறந்தால்தான் இதனைக் காண முடியும். கண்ணாடிக் கெண்டியில் வெளியிலிருந்தே காணலாம். கொதிக்கும் முன்பே நீரை இறக்க வேண்டிய பச்சைத் தேயிலைக்கு இது உதவுகின்றது.
* சுவை மாறாமை: கண்ணாடி நீருடனோ எலுமிச்சை போன்ற புளிப்புப் பொருட்களுடனோ எளிதில் வினைபுரிவதில்லை. உலோக வாடையும் ஏற்படாது.
* தூய்மை: கடின நீரால் படியும் வெண்ணிற உப்புப் படிவு உடனே கண்ணுக்குத் தெரியும். சிறிது வினாகிரி அல்லது எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீரில் ஊறவைத்தால் அது கரைந்துவிடும்.
* அளவறிதல்: நீர் வற்றுவதை முன்கூட்டியே கண்டு அடுப்பை அணைக்கலாம்.

குறைபாடுகள்

கண்ணாடியின் வெப்பக் கடத்துதிறன் அலுமினியத்தைவிட மிகவும் குறைவு. ஆகவே நீர் கொதிக்கக் கூடுதல் நேரம் ஆகலாம். இண்டக்சன் எனப்படும் மின்தூண்டல் அடுப்பில் இது சூடாவதில்லை. கீழே விழுந்தால் உடையும்.

பாதுகாப்பு

சூடான கண்ணாடி திடீரெனக் குளிர்வதே மிகுந்த ஆபத்தானது. அப்போது கண்ணாடியின் மேற்பரப்பு சுருங்க முயல, சூடாக உள்ள உட்பகுதி அதனைத் தடுக்கின்றது. இவ்வாறு இழுபடும் மேற்பரப்பில் சிறு கீறல் இருந்தாலும் அது விரிசலாக ஓடும். கெண்டி நிறையக் கொதிநீர் இருக்கும்போது இது நிகழ்ந்தால் கடுமையான தீப்புண் ஏற்படும். எனவே பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் வேண்டும்.

* நேரடித் தீயில் வைக்கலாம் என்ற தயாரிப்பாளரின் குறிப்பு உள்ள கலத்தையே அடுப்பில் வைக்க வேண்டும். ஊறுகாய்ப் போத்தல், தேநீர் ஊறவைக்கும் சாதாரணக் கண்ணாடிக் குடுவை போன்றவற்றை வைக்கக்கூடாது.
* வெறும் கெண்டியைச் சூடாக்கக்கூடாது. சூடான கெண்டியில் குளிர்ந்த நீரை ஊற்றவும் கூடாது.
* தீச்சுடர் கெண்டியின் அடிப்பகுதியைத் தாண்டி மேலெழாதவாறு வைக்க வேண்டும்.
* இறக்கிய கெண்டியை ஈரமான கல் மேடையில் வைக்காமல், உலர்ந்த மரப்பலகையிலோ துணியிலோ வைக்க வேண்டும்.
* கம்பி நாரால் தேய்க்கக்கூடாது. கீறலோ விரிசலோ காணப்படும் கெண்டியை மீண்டும் அடுப்பில் ஏற்றக்கூடாது.