என்ஜின் சூடானால் ரேடியேட்டர் மூடியை திறக்காதீங்க! தயாரிப்பு கோளாறு என்றால் செலவு கம்பெனிக்கு

அருப்புக்கோட்டை:

அருப்புக்கோட்டை, திருச்சுழி பகுதியில் கோடை வந்துவிட்டால் கார், வேன் டிரைவர்களுக்கு பெரிய தலைவலி என்ஜின் 'ஹீட்' ஆவதுதான். மீட்டர் முள் சிவப்புக்கு ஏறினால் வண்டியை ஓரங்கட்டி என்ஜினை ஆப் செய்ய வேண்டும்.

அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியை திறக்கக்கூடாது. உள்ளே இருக்கும் தண்ணீர் அழுத்தத்தால் 100 டிகிரிக்கு மேல் கொதித்துக் கிடக்கும். திறந்தால் பீய்ச்சி அடித்து முகம் வெந்துவிடும். நன்றாக ஆறிய பிறகே திறக்க வேண்டும். போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும். கூலன்ட்தான் நல்லது.

ஒழுங்காக பராமரித்தும் ஒரே மாடல் வண்டிகள் பலவற்றில் ஒரே கோளாறு வந்தால் அது தயாரிப்பு குறையாக இருக்கலாம். ஆபத்தான குறை உள்ள வண்டிகளை கம்பெனி திரும்ப அழைத்து சரிசெய்ய மத்திய அரசு உத்தரவிடலாம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டத்தில் இதற்கு இடம் உள்ளது. விதிகள் 2021 ஏப்ரல் 1-ந்தேதி அமலுக்கு வந்தன. 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும்.

கம்பெனிகள் தாங்களாகவும் அழைப்பது உண்டு. மாருதி சுசுகி 2021 செப்டம்பரில் 1,81,754 பெட்ரோல் கார்களை அழைத்து, குறையுள்ள மோட்டார் ஜெனரேட்டரை இலவசமாக மாற்றித்தருவதாக அறிவித்தது.

செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்கியவர்களுக்கு கம்பெனியின் கடிதம் வராமல் போகலாம். ஷோரூமில் சேசிஸ் நம்பரை சொல்லி, நம்ம வண்டியும் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.