முத்திரை மோதிரம்: சேகரிப்போர் அறிய வேண்டியவை

ஏக இறைவனின் திருப்பெயரால்...

பழைய முத்திரை மோதிரங்களையும், கடிகாரச் சங்கிலியில் தொங்கவிடும் முத்திரைகளையும் நம்மவர்களில் சிலர் சேகரிக்கிறார்கள். இது கூடுமா? எதில் கவனம் தேவை?

முத்திரை என்பது ஒருவரின் கையொப்பம். நபி (ஸல்) அவர்கள் அரசர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் ஏற்கமாட்டார்கள் எனக் கூறப்பட்டது. எனவே வெள்ளி மோதிரம் செய்து, 'முஹம்மத்', 'ரஸூல்', 'அல்லாஹ்' என மூன்று வரிகளில் பொறித்தார்கள். அதே வாசகத்தை மற்றவர்கள் பொறிக்கக் கூடாது என்றும் தடுத்தார்கள். பிறர் முத்திரையைப் போலியாகச் செய்வது எவ்வளவு பெரிய மோசடி என்பதற்கு இதுவே பாடம். அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகியோருக்குப் பின் உஸ்மான் (ரலி) அவர்களிடம் வந்த அம்மோதிரம் அரீஸ் கிணற்றில் விழுந்தது. மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை.

தமிழகத்திலும் இது பழைய வழக்கம். கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில், தமிழி எழுத்தில் ஆட்பெயர் பொறித்த மோதிரங்கள் கிடைத்துள்ளன. நம் சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் போட்ட 19-ஆம் நூற்றாண்டில், ஆங்கிலேயக் கனவான்கள் கடிகாரச் சங்கிலியில் முத்திரையைத் தொங்கவிட்டு, அரக்கில் பதித்தார்கள்.

வாங்குமுன் எழுத்தைப் பாருங்கள். அரக்கில் பதிக்கும் முத்திரையில் எழுத்து இடவலமாக மாறியிருக்கும். பதித்தால்தான் நேராக வரும். நேராகவே வாசிக்க முடிந்தால், அது பெரும்பாலும் தாயத்தாகவோ அலங்காரக் கல்லாகவோ இருக்கும். பாரசீக எழுத்தும் ஹிஜ்ரி ஆண்டும் இருப்பதாலேயே முஸ்லிமுடையது என்று முடிவு செய்யாதீர்கள். 1837 வரை பாரசீகம் அலுவல் மொழியாக இருந்ததால், கம்பெனி அதிகாரிகளும் அப்படி முத்திரை வைத்திருந்தார்கள்.

மார்க்கச் சட்டம்: வெள்ளி மோதிரம் ஆண்களுக்குக் கூடும், தங்கம் அணிவது ஹராம். அணியாமல் சேமித்து வைத்த தங்கம் நிஸாபை எட்டி ஓராண்டு கடந்தால் ஸகாத் கடமை. அகீக் போன்ற கற்களுக்கு, வியாபாரப் பொருளாக இல்லாதவரை ஸகாத் இல்லை. அல்லாஹ்வின் பெயர் பொறித்ததைக் கழிப்பறைக்குள் கொண்டு செல்லாதீர்கள்.

நாட்டுச் சட்டம்: 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த இத்தகைய பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, உரிமமின்றி வியாபாரமும் செய்யக் கூடாது. மண்ணில் கிடைத்த புதையலை 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று சொல்லாதவரிடம் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது பாவத்தில் பங்கு கொள்வதாகும்.

உங்கள் வீட்டில் பாட்டனாரின் காஜி முத்திரை இருந்தால், எடைக்குப் போடுமுன் ஒரு தாளில் பதித்து, படம் எடுத்து வையுங்கள். பழைய நிக்காஹ் பதிவேடும் வக்ஃப் பத்திரமும் உண்மையானவை என நிரூபிக்க, ஒருநாள் அந்தப் பதிவு உதவக்கூடும். முத்திரை ஓர் அமானிதம். அதைப் பேணும் நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நமக்குத் தருவானாக! ஆமீன்.