ஆணியில் சிக்கனம் வேண்டாம்

மும்பையில் கடலுக்கு அருகே உள்ள எங்கள் குடியிருப்பின் பின்புறத்தில் தேக்குப் பலகைகளால் ஒரு தளம் அமைத்தேன். செலவைக் குறைக்க எண்ணி வெறும் இரும்பாணிகளையே அடித்தேன். இரண்டு மழைக்காலங்களில் அவை துருப்பிடித்து நெகிழ்ந்தன. பெயர்ந்த பலகையில் இடறி விழுந்த என் தாயார் மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

அன்பர்கள் அறிய வேண்டுவது இதுவே. மழையில் ஊறியும் வெயிலில் காய்ந்தும் மரம் பருத்துச் சுருங்கும். ஆணி மெல்ல மேலெழும். மரையுள்ள திருகாணியோ எளிதில் பிடிவிடாது. கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏற்றது. உள்நாட்டில் 304 ரகம் போதும். செம்பு கலந்த மருந்தூட்டிய மரம் வெறும் இரும்பை விரைந்து அரிக்கும். வாஷரும் திருகாணியின் உலோகமாகவே இருத்தல் நலம். முதலில் துளையிட்டுப் பின் திருகுக. இன்றேல் பலகை பிளக்கும்.

மரத்திற்குப் பொருள் செலவிட்டு, அதைத் தாங்கும் ஆணியில் மிச்சம் பிடித்தல் தகாது.