சமன்பாடு சொன்னால் சரிதானா?

உலகத்தின் அடிமடியில் இருப்பது பொருளா, கணக்கா? கல்கத்தாவில் பிறந்த ஒரு சமன்பாடு இந்த வழக்கில் இரு தரப்புக்கும் சாட்சி சொல்கிறது.

கல்கத்தா, 1953. இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்துவந்த 29 வயது அமல் குமார் ராய்சௌதுரிக்கு இடப்பட்டிருந்த பணி உலோகங்களின் குணங்களை ஆராய்வது. சர் சி.வி. ராமன் 1928இல் தன் பெயர் பெற்ற விளைவைக் கண்டுபிடித்த அதே கழகம்தான். ஆனால் ராய்சௌதுரியின் மனம் உலோகத்தில் ஒட்டவில்லை. ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் கொள்கையில் அவருக்குப் பித்து. அந்த நாட்களில் அது சோறு போடாத துறை. ஐன்ஸ்டீனைக் கும்பிட்டுவிட்டு எல்லோரும் அணுவைப் பிளக்கப் போய்விட்டிருந்தார்கள். உலோக வேலைக்கு நடுவே ராய்சௌதுரி எழுதிய கட்டுரை அந்த ஆண்டு அமெரிக்காவின் 'பிசிகல் ரெவ்யூ' இதழுக்குப் போனது. அச்சேற இரண்டு வருடம் பிடித்தது. அதில் இருந்த ஒரு சமன்பாடு இன்று உலகெங்கும் அவர் பெயரால் வழங்குகிறது.

கருந்துளை நிஜம் என்று ஆய்வுக்கூடங்கள் நிரூபித்துக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில் அந்தச் சமன்பாட்டுக்குப் புது முக்கியத்துவம் வந்திருக்கிறது. இயற்பியலைவிடப் பழைய கேள்வி ஒன்று அதனோடு பிணைந்திருக்கிறது: இயற்கை ஏன் கணக்குக்குக் கட்டுப்படுகிறது?

இந்தக் கேள்வியை நவீன காலத்தில் கூர்மையாகக் கேட்டவர் யூஜீன் விக்னர். மனிதன் நாற்காலியில் உட்கார்ந்து, அழகுக்காகவும் சுவாரசியத்துக்காகவும் உருவாக்கிய கணிதம் நட்சத்திரத்துக்கும் எலக்ட்ரானுக்கும் அச்சாகப் பொருந்துவது காரணம் புரியாத விந்தை என்று 1960இல் ஒரு கட்டுரையில் எழுதினார். மூன்று வருடம் கழித்து அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. விந்தை விந்தையாகவே நின்றது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக உள்ள மேக்ஸ் டெக்மார்க் இதற்கு ஒரே அடியில் விடை சொல்கிறார். இயற்கை கணிதத்துக்குக் கட்டுப்படவில்லை, அதுவே கணிதம்தான் என்பது அவர் கட்சி. மனிதனைச் சாராத நிஜம் ஒன்று இருந்தால் அதை மனித வார்த்தைகள் கலக்காமல் விவரிக்க முடிய வேண்டும். 'துகள்', 'அலை' போன்ற சொற்களையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது எண்களும் உறவுகளும் மட்டுமே என்பது 2014இல் வெளியான அவர் புத்தகத்தின் வாதம்.

கேட்க மிரட்டலாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட ஒட்டுமொத்தத் தீர்ப்பை எந்தத் தொலைநோக்கியாலும் சோதிக்க முடியாது. அதைவிடச் சிறிய, ஆனால் வேலைக்கு உதவும் கேள்வி ஒன்று உண்டு. காகிதத்தில் ஒரு சமன்பாடு, இதுவரை யாரும் பார்க்காத ஒன்று இருக்கிறது என்று சொன்னால் எப்போது நம்பலாம்?

கண்ணை மூடிக்கொண்டு நம்பியவர்கள் பட்ட பாட்டுக்கு உதாரணம் பிரான்சின் லெவெரியே. யுரேனஸ் கிரகம் கணக்குப்படி நகராமல் தள்ளாடியதைப் பார்த்து, அதற்கு அப்பால் ஒரு கிரகம் இருக்க வேண்டும் என்று காகிதத்திலேயே அதன் இடத்தைக் குறித்தார். 1846 செப்டம்பர் 23 இரவு, பெர்லின் வானியல் ஆய்வாளர்கள் அவர் சொன்ன திசையில் தொலைநோக்கியைத் திருப்பினார்கள். ஒரு டிகிரிகூடத் தப்பாமல் நெப்டியூன் அங்கே இருந்தது. உலகம் வாயைப் பிளந்தது. 1859இல் புதன் கிரகமும் சற்றே தடம் மாறுவதைக் கவனித்த லெவெரியே, அதே முறையில் சூரியனுக்குப் பக்கத்தில் 'வல்கன்' என்ற கிரகம் இருப்பதாக அறிவித்தார். பல வருடம் தேடினார்கள். வல்கன் இல்லை. புதனின் அந்தச் சின்னத் தடமாற்றத்துக்கு, கிரகம் ஏதும் சேர்க்காமல், ஈர்ப்பு விதியையே மாற்றிக் கணக்குச் சொன்னவர் ஐன்ஸ்டீன், 1915இல். ஒரே ஆள், ஒரே கணித முறை. ஒரு தடவை கிரகம் கிடைத்தது. இன்னொரு தடவை வெறும் பெயர் கிடைத்தது.

ஐன்ஸ்டீனுக்கே இந்தச் சங்கடம் வந்தது. அவருடைய சமன்பாடுகளுக்கு 1916இல் ஜெர்மனியின் கார்ல் ஷ்வார்ஸ்சைல்ட் கண்ட தீர்வில் விபரீதம் ஒளிந்திருந்தது. போதிய அளவு பொருள் ஒரு எல்லைக்குள் நெருங்கிவிட்டால் அதிலிருந்து ஒளிகூட வெளியேற முடியாது. 1939இல் ஓப்பன்ஹைமரும் அவர் மாணவர் ஸ்னைடரும் பெரிய நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்தபின் இப்படித்தான் உள்ளுக்குள் இடிந்து விழும் என்று கணக்குப் போட்டார்கள். அதே வருடம், இதெல்லாம் காகிதத்தில் சரி, இயற்கையில் நடக்காது என்று ஐன்ஸ்டீன் ஒரு கட்டுரை எழுதினார். தன் பிள்ளை சொன்னதைத் தகப்பனே நம்பவில்லை.

அவநம்பிக்கைக்கு நியாயமும் இருந்தது. இந்தக் கணக்குகள் எல்லாமே நட்சத்திரத்தைப் பிசிறில்லாத உருண்டையாக வைத்துக்கொண்டவை. வட்டமாக நிற்கும் ஆட்கள் எல்லோரும் நடுப்புள்ளியை நோக்கி ஒரே வேகத்தில் ஓடினால் மோதத்தான் செய்வார்கள். ஆளுக்குக் கொஞ்சம் திசை விலகினால் ஒருவரை ஒருவர் தாண்டிப் போய்விடலாமே. நிஜ நட்சத்திரம் எதுவும் கச்சிதமான உருண்டை இல்லை. ஆகவே நடுவில் அடர்த்தி எல்லையற்றுப் போகும் அந்த இடம், விஞ்ஞானிகள் 'சிங்குலாரிட்டி' என்று சொல்லும் காலத்தின் முட்டுச்சந்து, நம் சோம்பேறித்தனமான கணக்கால் வந்த வினையாக இருக்கலாம்.

ராய்சௌதுரி கை வைத்தது இங்கேதான். உருண்டை என்ற சலுகையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. வேறெந்த விசையும் தள்ளாமல் ஈர்ப்பின் போக்கில் போய்க்கொண்டிருக்கும் ஒரு துகள் கூட்டத்தை நினைத்துக்கொண்டார். எந்த உருவத்தில் இருந்தாலும் சரி. நேரம் போகப் போக அந்தக் கூட்டத்தின் கன அளவு என்னவாகும்? கூட்டம் ஏற்கனவே விரிகிறதா சுருங்குகிறதா, அதன் உருவம் கோணிக்கொண்டு போகிறதா, சுழல்கிறதா, உள்ளே எவ்வளவு பொருள் இருக்கிறது என்ற நான்கையும் ஒரே வரிச் சமன்பாட்டில் கொண்டுவந்தார். சுழற்சி மட்டும்தான் கூட்டத்தை விலக்கப் பார்க்கிறது. உருவம் கோணுவது காப்பாற்றும் என்று எல்லோரும் நம்பியிருக்க, அதுவும் நெருக்கத்தான் செய்கிறது என்று தெரிந்தது. சுழற்சி இல்லாவிட்டால், ஒருமுறை நெருங்க ஆரம்பித்த கூட்டம் குறிப்பிட்ட காலத்துக்குள் ஒன்றாகக் குவிந்தே தீரும்.

உலகம் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. 1960களின் தொடக்கத்தில் சோவியத் யூனியனின் லிஃப்ஷிட்ஸ், கலாத்னிகோவ் ஆகியோர் பொதுவான நிலைமையில் சிங்குலாரிட்டி வராது என்று வாதிட்டார்கள். பிற்பாடு அதைக் கைவிட்டார்கள். 1965இல் இங்கிலாந்தின் ரோஜர் பென்ரோஸ் அதே சமன்பாட்டின் ஒளிக்கதிர் வடிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, சுழற்சி என்ற தப்பிக்கும் வழியையும் அடைத்தார். ஒளி வெளியேற முடியாத பரப்பு ஒன்று உருவாகிவிட்டால், எந்த வடிவ நட்சத்திரமானாலும் உள்ளே காலம் முட்டுச்சந்தில் முடியும் என்பது அவர் தேற்றம். ஸ்டீபன் ஹாக்கிங் இதே பாதையில் பின்னோக்கிப் போய்ப் பிரபஞ்சத்தின் ஆரம்பத்துக்குப் பொருத்தினார். பென்ரோஸுக்கு 2020இல் நோபல் வந்தது. ராய்சௌதுரி 2005லேயே காலமாகிவிட்டார்.

ஆக, ஒரு சமன்பாட்டை எப்போது நம்பலாம் என்ற கேள்விக்கு இந்தக் கதை ஒரு வழி காட்டுகிறது. கணக்கைச் சுலபமாக்கப் போட்டுக்கொண்ட சலுகைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். அப்படியும் விடை ஓடிப்போகாமல் நின்றால், அது காகிதத்தின் குணம் அல்ல என்று சந்தேகிக்க ஆரம்பிக்கலாம்.

சந்தேகம் ஊர்ஜிதமான விதம் அபாரம். கருந்துளையைத் தட்டினால் மணியைப் போல அதிர்ந்து ஓய்ந்துபோகும் என்று 1970இல் காகிதத்தில் காட்டியவர் பெங்களூரின் சி.வி. விஸ்வேஸ்வரா. 130 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால், சூரியனைப் போல 29 மடங்கும் 36 மடங்கும் நிறை கொண்ட இரு கருந்துளைகள் மோதி ஒன்றானதில் எழுந்த அலை அமெரிக்காவின் லைகோ கருவிகளில் 2015 செப்டம்பர் 14 அன்று பதிவாயிற்று. முடிவில் ஓய்ந்த விதம் அவர் சொன்னதற்கு ஒத்திருந்தது. செய்தியைக் கேட்க விஸ்வேஸ்வரா இருந்தார். 2017 ஜனவரியில் மறைந்தார். செப்டம்பர் 14 ராய்சௌதுரியின் பிறந்த நாள் என்பது தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2025 ஜனவரி 14 அன்று பதிவான இன்னொரு மோதல் ராய்சௌதுரிக்கு இன்னும் நெருக்கமானது. கருந்துளைகள் சேரும்போது மொத்தப் பரப்பு ஒருபோதும் குறையாது என்பது ஹாக்கிங் 1971இல் சொன்ன தேற்றம். அதன் நிரூபணத்துக்கு முதுகெலும்பு ராய்சௌதுரி சமன்பாடு. மோதலுக்கு முன் இரண்டின் பரப்பும் சேர்ந்து சுமார் 2,40,000 சதுர கிலோமீட்டர், ஏறத்தாழ உத்தரப்பிரதேசத்தின் அளவு. மோதியபின் சுமார் 4,00,000. உலோகத்துக்கு நடுவே எழுதப்பட்ட ஒரு வரியின் வாரிசு, எழுபது வருடம் கழித்து அளந்து பார்க்கப்பட்டுத் தேறியிருக்கிறது.

டெக்மார்க் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் அதே சாட்சி குறுக்கு விசாரணையில் வேறு மாதிரிப் பேசுகிறது. சமன்பாடு கருந்துளையின் விளிம்போடு நிற்கவில்லை. உள்ளே போய் முட்டுச்சந்தையும் காட்டுகிறது. அடர்த்தி எல்லையற்றது, வளைவு எல்லையற்றது என்று விடை வந்தால், இயற்கை அப்படி இருக்கிறது என்று பெரும்பாலான இயற்பியலாளர்கள் எடுத்துக்கொள்வதில்லை. கொள்கையின் எல்லை வந்துவிட்டது, இனி குவாண்டம் விதிகள் தேவை என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். விளிம்பு வரை வேதவாக்கு, அதற்குள் போனால் பிழைச் செய்தி. எந்த இடத்தில் கோடு போடுவது என்று சமன்பாடு தானாகச் சொல்வதில்லை. போடுவது மனிதர்கள். உலகமே கணிதம் என்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறத்தான் வேண்டும்: எந்தக் கணிதம்?

சுழலும் கருந்துளைக்கான தீர்வை 1963இல் கண்ட நியூசிலாந்தின் ராய் கெர், தன் 89ஆவது வயதில், 2023 டிசம்பரில், இன்னும் ஒரு படி மேலே போனார். பென்ரோஸ் தேற்றம் நிரூபித்தது சில ஒளிக்கதிர்களின் நீளம் ஒரு குறிப்பிட்ட அளவையில் முடிந்துபோகிறது என்பதை மட்டுமே. அங்கே சிங்குலாரிட்டி இருக்கிறது என்பது அதிலிருந்து தானாக வராது என்று, தன் சொந்தத் தீர்விலிருந்தே எதிர் உதாரணம் காட்டி எழுதினார். ஏற்காதவர்கள் நிறைய. ஆனால் நிரூபிக்கப்பட்டதற்கும் நம்பப்பட்டதற்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருப்பதை, அறுபது வருடம் கழித்து, அந்தத் துறையின் பீஷ்மரே சுட்டிக்காட்டுவது சாதாரண விஷயமல்ல.

அழகான கணிதம் காத்துக்கிடக்கும் கதையும் இதே குடும்பத்தில் இருக்கிறது. 1961 முதல் பிரசிடென்சி கல்லூரியில் ராய்சௌதுரி பாடம் நடத்தினார். அங்கே படித்து அவரால் ஈர்க்கப்பட்டவர் அசோக் சென். இழைக் கொள்கையில் உலகின் முன்னணி ஆய்வாளர். 2012இல் 30 லட்சம் டாலர் அடிப்படை இயற்பியல் பரிசு பெற்றவர். கருந்துளையின் பரப்புக்கும் அதன் உள் அமைப்புக்கும் உள்ள கணக்கை இழைக் கொள்கை சில வகைக் கருந்துளைகளுக்கு நேராக்கிக் காட்டுகிறது. கணிதமாக அது பிரமாதம். ஆனால் இதுவரை எந்தப் பரிசோதனையும் அந்தக் கொள்கையை ஆமோதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஆசிரியரின் கணக்குக்கு லைகோ கிடைத்தது. மாணவரின் கணக்குக்கு இன்னும் கருவி கிடைக்கவில்லை.

மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் சுமார் 2,600 கோடி ரூபாயில் லைகோ-இந்தியா அமைக்க மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒப்புதல் தந்தது. அது செயல்படத் தொடங்கினால் கருந்துளைகளின் மணியோசை இன்னும் துல்லியமாகக் கேட்கும். ஆனால் எவ்வளவு துல்லியமானாலும் அது விளிம்புக்கு வெளியே எழும் ஓசைதான். உள்ளே நடப்பதைக் கேட்க, இப்போதைக்கு, காகிதம் ஒன்றே வழி. மகாராஷ்டிரத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் அபய் அஷ்டேகரும் அவர் குழுவினரும் 2006இல் குவாண்டம் விதிகளைச் சேர்த்து, பிரபஞ்சத்தின் ஆரம்பத்தில் முட்டுச்சந்து இல்லை, சுருங்கிவந்த முந்தைய பிரபஞ்சம் ஒன்று திரும்ப விரிந்த திருப்பம்தான் இருக்கிறது என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கிலும் ராய்சௌதுரி சமன்பாடு வருகிறது. ஆனால் திருத்தப்பட்ட வடிவில்: அடர்த்தி மிகமிக அதிகமாகும்போது அதில் ஈர்ப்பு இழுப்பதை நிறுத்திவிட்டுத் தள்ளத் தொடங்குகிறது.