புரதத்துள் எச்சங்களின் தொடுகை

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு எச்சம் என்னும் சொல் புதிதன்று; முற்றுப்பெறாது, தன்னை முடிக்கும் சொல்லை நாடி நிற்பது அது. உயிர்வேதியியலாரும் இச்சொல்லை ஆள்கின்றனர். அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோக்கப்படுங்கால் ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு நீர் மூலக்கூறு நீங்க, எஞ்சி நிற்பதே எச்சம். பெயர் எத்துணைப் பொருத்தம்! இவ்வெச்சமும் பிறிதொன்றை நாடுவதே.

சங்கிலி மடிந்து சுருளும்போது, வரிசையில் தொலைவிலிருந்த எச்சங்கள் அண்மையில் வந்து சேர்கின்றன. ஈரெச்சங்களின் அணுக்கள் ஏறத்தாழ 4 அல்லது 5 ஆங்ஸ்ட்ராம் இடைவெளிக்குள் இருப்பின் அவை தொடுகையுற்றன என்பர். ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடி ஆங்ஸ்ட்ராம் அடங்கும்.

ஒரு தொடுகை விளைக்கும் துயருக்கு அரிவாள் செல் சோகை சான்று. ஈமோகுளோபினின் பீட்டாச் சங்கிலியில் 146 எச்சங்கள். அவற்றுள் 6ஆம் இடத்தில் நீரை விழையும் குளூட்டாமிக் அமிலத்திற்கு மாற்றாக, நீரை வெறுக்கும் வாலின் அமர்ந்துவிடுகிறது. இம்மாற்றத்தை வெர்னன் இங்கிராம் 1957இல் வெளியிட்டார். உயிர்வளியை ஈந்தபின், அண்டை மூலக்கூற்றின் 85ஆம் எச்சமாகிய பினைல்அலனினும் 88ஆம் எச்சமாகிய லியூசினும் அமைக்கும் குழிவில் அவ்வாலின் சென்று பொருந்துகிறது. மூலக்கூறுகள் இங்ஙனம் பற்றிப் பற்றி நாராகின்றன; குருதியணு அரிவாளென வளைகிறது; நுண்குழல்கள் அடைபட, எலும்பில் பொறுக்கவொண்ணா வலி எழுகிறது. நம் நீலகிரிப் பழங்குடியினரிடையே இக்கூறு இருத்தலை லேமனும் கட்புஷும் 1952இல் கண்டனர்.

கருவிலுள்ள குழவிக்குப் பீட்டாவின் இடத்தில் காமாச் சங்கிலி உண்டு. அது இந்நாருக்கு இணங்காது. பிறந்தபின் ஒடுங்கும் அதனை மீண்டும் சுரக்கச் செய்யும் மரபணுத் திருத்த மருத்துவம் 2023இல் பிரிட்டனில் ஒப்புதல் பெற்றது.