பரணில் உறங்கும் பக்தி இசைத்தட்டுகள்

ஒத்தக்கடையை அடுத்த நரசிங்கத்தில், யானைமலையைக் குடைந்து அமைந்த யோக நரசிங்கப் பெருமாள் திருக்கோயிலில் பிரதோஷ நாள்களில் கூட்டம் மிகுதி. நரசிம்மர் அவதரித்தது அந்திப் பொழுது என்பதால், சிவாலயங்களைப் போலவே இங்கும் பிரதோஷம் சிறப்புப் பெறுகிறது. தரிசனம் முடிந்து சற்றே அமரும் மூத்த அன்பர்களிடையே அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. வீட்டைப் புதுப்பிக்கும்போது பரணிலிருந்து இறங்கும் பழைய இசைத்தட்டுகளை என்ன செய்வது?

“எல்லாம் செல்லிலேயே வந்துடுச்சே சார், இனி இது எதுக்கு? எடைக்குப் போட்டுடச் சொல்றான் பையன்” என்பார் ஒருவர். “அதெப்படி? தட்டுல கேக்குற மாதிரி வருமா? என் பேரன் பெங்களூர்ல புதுசா பிளேயரே வாங்கியிருக்கான்” என்பார் மற்றவர். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியைப் பார்க்க, இந்தத் தட்டுகள் என்னவென்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாம் ‘பழைய ரிக்கார்டு’ என்று ஒரே பெயரில் அழைப்பவை உண்மையில் இரண்டு வகை. முதல் வகை, நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அரக்குத் தட்டு. கனமானது, கை தவறினால் அப்பளம்போல் நொறுங்கும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பாடலாம். நாகஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை கோயில் வீதிகளில் மணிக்கணக்கில் விரித்த தோடியை, தட்டில் அந்தச் சில நிமிடங்களுக்குள் சுருக்கித் தர வேண்டியிருந்தது. அந்தக் காலத்துப் பாடகர்கள் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று விரைந்து முடிப்பதைக் கேட்டு, ‘அப்போதெல்லாம் இப்படித்தான் பாடினார்கள்போலும்’ என்று எண்ணுவோர் உண்டு. அவர்களை அவசரப்படுத்தியது தட்டின் அளவு.

இரண்டாவது வகைதான் வினைல் எனப்படும் பிளாஸ்டிக் தட்டு. அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் 1948-இல் அறிமுகப்படுத்திய நீள்நேர இசைத்தட்டு, அதாவது எல்.பி., நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றும். ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் ஓடும். பக்தி இசைக்கு இது செய்த உபகாரம் பெரிது. ஸ்ரீவேங்கடேச சுப்ரபாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுப்ரபாதம் 29 சுலோகம், ஸ்தோத்திரம் 11, பிரபத்தி 16, மங்களாசாசனம் 14. ஆக 70 சுலோகங்கள். அரக்குத் தட்டு என்றால் ஆறேழு முறை தட்டைத் திருப்பியும் மாற்றியும் வைக்க வேண்டும். பெருமாளைத் துயிலெழுப்பும்போது இடையிடையே எழுந்து போய்ச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்! எம்.எஸ்.சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் 1963-இல் எல்.பி.யாக வந்தபோதுதான், பாராயணம் என்பது தடையின்றி ஒரே ஓட்டமாக வீட்டுக்குள் வந்தது. அதன் உரிமத் தொகையை அவர் திருமலை தேவஸ்தானத்துக்கே அளித்துவிட்டார் என்பதும் வாசகர் பலர் அறிந்ததே.

எம்.எஸ். அம்மையார் மதுரை மண்ணின் மகள். 1916-இல் பிறந்து, மேல அனுமந்தராயன் கோயில் தெருவில் வளர்ந்து, பத்து வயதிலேயே இசைத்தட்டில் பாடியவர். 1922-இல் பிறந்த டி.எம்.சௌந்தரராஜனும் இவ்வூர்க்காரர். மதுரை சோமு பெயரிலேயே ஊரைச் சுமந்தவர். ஆகவே இவ்வட்டாரத்தில் எந்த வீட்டுப் பரணைத் தட்டினாலும் இம்மூவரில் ஒருவராவது இருப்பார் என்று துணிந்து சொல்லலாம். திருவிழாக்களில் குழாய் ஒலிபெருக்கி கட்டிய சவுண்ட் சர்வீஸ்காரர்களின் மரப்பெட்டிகளிலும், சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டுத் தட்டு கட்டாயம் இருந்தது. அது ஒலிக்காமல் விழா தொடங்காது.

சரி, டிஜிட்டல் என்ன செய்கிறது? தட்டில் ஒலியின் அசைவே பள்ளமாக வெட்டப்பட்டிருக்கிறது. ஊசி அதன்மேல் ஊர்ந்து அதே அசைவைத் திருப்பித் தருகிறது. டிஜிட்டலில் ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக எழுதி வைக்கிறார்கள். சி.டி.யில் நொடிக்கு 44,100 முறை. இவ்வளவு நுட்பமாக அளந்த சி.டி., ஒலித் தெளிவில் வினைலுக்குக் குறைந்ததன்று. கரகரப்பு இல்லாமையில் ஒரு படி மேல் என்பதே உண்மை. குறைபாடு வருவது அந்த எண்களைச் சுருக்கும்போதுதான். எம்.பி.3 என்னும் முறை, காதுக்கு எட்டாது என்று தான் கருதும் பகுதிகளைக் கழித்துவிட்டு, நிமிடத்துக்குப் பத்து மெகாபைட் பிடிக்கும் இசையை ஒரு மெகாபைட்டுக்கும் சுருக்கிவிடும். அப்படி மிகவும் சுருக்கிய கோப்பில் முதலில் அடிபடுவது தம்புராவின் ரீங்காரமும், நாமசங்கீர்த்தனத்தில் ஜால்ராவின் ஒலிநீட்சியும். ஜால்ரா ‘கணீர்’ என்பதற்குப் பதிலாகத் தண்ணீருக்குள் இருந்து கேட்பதுபோல் ‘ஸ்ஸ்’ என்று கரையும். பலர் ‘டிஜிட்டலில் உயிர் இல்லை’ என்று சொல்வது பெரும்பாலும் இந்த மலிவுச் சுருக்கத்தைத்தான். இருமடங்கு, மூன்றுமடங்கு இடம் கொடுத்துப் பதிந்த எம்.பி.3-இலேயே இக்குறை பெரும்பாலும் நீங்கிவிடும். எதையும் கழிக்காத ஃப்ளாக் என்னும் முறையும் இருக்கிறது.

அதற்கும் மேலே போய், சி.டி.யைவிட இரண்டு, நான்கு மடங்கு நுட்பம் என்று விலை உயர்ந்த சாதனங்களை விற்கிறார்கள். நம் வயதினருக்கு அது வீண் செலவு. அறுபதைக் கடந்த பெரும்பாலோருக்கு, நொடிக்குப் பத்து பன்னிரண்டாயிரம் அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி காதில் விழுவதே இல்லை. இருபதாயிரம் வரை தரும் சி.டி.யே நமக்கு மிகை. அந்தப் பணத்தில் நல்ல ஒலிபெருக்கி ஒன்றை வாங்கிப் பூஜையறைக்குப் பக்கத்தில் வைப்பது மேல். கைப்பேசிக்குள் இருக்கும் நகத்தளவு ஒலிபெருக்கியில் மிருதங்கத்தின் தொப்பி கேட்கவே கேட்காது.

டிஜிட்டலின் உண்மையான குறை எனக்குத் தெரிந்தவரை ஒலியில் இல்லை, இடையூறில் இருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கேட்கும்போது, சகஸ்ரநாமத்தின் நடுவே சீட்டாட்ட விளம்பரம் ஒன்று கூச்சலிட்டுக்கொண்டு நுழையும். கை நடுங்கும் பெரியவர் கண்ணாடியைத் தேடி எடுத்து அதைத் தள்ளுவதற்குள் மனம் எங்கோ போய்விடும். இன்னொன்று வரிசை. எம்.எஸ். பாடிய பஜகோவிந்தத்துக்கு முன்னால் மூதறிஞர் இராஜாஜி ஆங்கிலத்தில் சிறு உரை ஆற்றியிருப்பார். அந்த உரையைக் கேட்டு முடித்தே பாட்டுக்குள் போவது தட்டின் ஒழுங்கு. கைப்பேசிப் பிரதிகள் சிலவற்றில் அதை வெட்டி எறிந்துவிட்டார்கள். தட்டில் ஊசியை வைத்தால் இருபது நிமிடம் உட்கார வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டை ரசிப்பவர்கள் வினைலை விரும்புவது எனக்குப் புரிகிறது. ஆயினும் நித்திய பாராயணத்துக்கு, கோப்புகளைப் பென்டிரைவில் ஏற்றி இணையத் தொடர்பில்லாமல் கேட்பதே நல்லது. முப்பத்திரண்டு ஜி.பி. பென்டிரைவில் நல்ல தரத்தில் இருநூறு மணி நேரத்துக்கு மேல் அடங்கும். பொத்தானைத் திருகினாலே பாடும் கார்வான் போன்ற பெட்டிகள் 2017 முதல் கிடைக்கின்றன. கண் பார்வை மங்கியவர்க்கு அது பெரிய ஆறுதல்.

அப்படியானால் தட்டுகளை எடைக்குப் போட்டுவிடலாமா? இங்கேதான் அவசரம் கூடாது.

வங்கியில் அசல் பத்திரத்தைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு நகலைக் கொண்டு அன்றாட வேலை பார்ப்போம். பெட்டகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் யாரும் அதைக் காலி செய்வதில்லை. உங்கள் பெட்டியையும் அப்படிப் பிரித்துப் பாருங்கள். சுப்ரபாதம், கந்த சஷ்டி கவசம், டி.எம்.எஸ்ஸின் முருகன் பாடல்கள் போன்றவை ஆயிரக்கணக்கில் அச்சானவை. அவற்றின் அசல், நிறுவனத்திடம் உள்ள ஒலிநாடா. இன்று விற்கும் முறையான டிஜிட்டல் பதிப்பு அந்த நாடாவிலிருந்து வந்திருக்குமானால், நாற்பது ஆண்டு ஊசி கீறிய உங்கள் தட்டைவிட அது அசலுக்கு நெருக்கம். அத்தட்டை வைத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் பாசத்தைப் பொறுத்தது. ஆனால் 78 சுற்று அரக்குத் தட்டுகளின் கதை வேறு. அவற்றில் பெரும்பகுதி ஒலிநாடா புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே மெழுகில் நேரடியாகப் பதிந்தவை. பின்னாளில் மறுபதிப்புக் காணாதவை ஏராளம். அங்கே உங்கள் பரணில் இருக்கும் தட்டே மிஞ்சிய அசலாக இருக்கலாம்.

என் தாயாரின் தகரப் பெட்டியில் முப்பத்தெட்டுத் தட்டுகள் இருந்தன. முப்பத்தொன்று எல்.பி.யும் சிறு தட்டுகளும்; எல்லாம் இன்று எங்கும் கிடைப்பவை. மீதி ஏழும் அரக்கு. அவற்றுள் ஒன்றில் சீட்டுத் தாள் கரையான் அரித்து, ‘தேவாரம்’ என்ற சொல்லும் பண்ணின் பெயரில் பாதியும் மட்டுமே எஞ்சியிருந்தன. ஊரில் முன்பு சவுண்ட் சர்வீஸ் நடத்திய நண்பரிடம் 78 சுற்று ஓடும் பழைய இயந்திரம் ஒன்று இருந்தது. அதற்கென்று தனி ஊசி வேண்டும். அரக்குத் தட்டின் பள்ளம் எல்.பி.யின் பள்ளத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். எல்.பி. ஊசியை வைத்தால் அடியில் தங்கிக் கரகரக்கும். சரியான ஊசியைத் தேடி வாங்கவே இரண்டு மாதம் ஆயிற்று. பாடியவர் ஓர் ஓதுவார். பக்கவாத்தியம் ஏதுமில்லை, சுருதிப் பெட்டி ஒன்றுதான். நான்கு பாடல்கள். தாளத்துக்குள் அடைக்காமல் விருத்தம்போலப் பாடிக்கொண்டு போகிறார். கேட்க வந்த கோயில் ஓதுவார் ஒருவர், “எங்க குருநாதர் இப்படித்தான் நிறுத்துவார், இப்ப யாரும் இங்க நிறுத்துறதில்லை” என்று சொல்லி, ஒரே இடத்தை ஐந்தாறு முறை திருப்பிப் போடச் சொன்னார். இது எடைக்குப் போயிருந்தால் அரைக் கிலோகூடத் தேறியிராது.

இத்தகைய தட்டுகளைக் கையாள்வதில் சில எச்சரிக்கைகள். அரக்குத் தட்டைச் சாராயத் திரவம் கலந்த எதனாலும் துடைக்காதீர்கள். அரக்கு அதில் கரைந்துவிடும். மெல்லிய துணியில் வாலை வடிநீர் தொட்டுத் துடைத்தால் போதும். எந்தத் தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம்போல் நிமிர்த்தி வையுங்கள். மதுரை அக்கினி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்கடியில் வைத்த வினைல் வளைந்துவிடும். சில ஆயிரத்துக்குக் கிடைக்கும் சூட்கேஸ் வடிவப் புதுப் பிளேயர்கள் பார்க்க அழகு. அவற்றின் ஊசி, தேவையான இரண்டு கிராமுக்குப் பதிலாக ஐந்தாறு கிராம் அழுத்துவதால் தட்டு விரைவில் தேயும். அரிய தட்டை அதில் ஓட்ட வேண்டாம். டிஜிட்டலுக்கு மாற்றுபவரிடம் முதலில் சுருக்கப்படாத கோப்பாகக் கேளுங்கள்; கரகரப்பை நீக்குகிறேன் என்று அவர் குரலையும் சேர்த்து நீக்கிவிட இடம் தராதீர்கள். சுற்றும் வேகத்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். பெல்ட் தளர்ந்த இயந்திரத்தில் சுருதி இறங்கிவிடும். பாடகர் பாடாத சுருதியில் அது என்றென்றைக்கும் பதிந்துபோகும்.

அரிய தட்டுகளைத் தேடிக் காப்பவர்கள் நாட்டில் இருக்கிறார்கள். மும்பையில் 1990 முதல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்களுக்கென்று ஒரு சங்கமே இயங்கி வந்திருக்கிறது. சென்னையிலும் கர்நாடக இசைப் பதிவுகளைச் சேமிக்கும் காப்பகங்கள் உண்டு. தட்டைக் கொடுக்க மனமில்லை என்றாலும், அதன் நகலையாவது இப்படி ஓரிடத்தில் சேர்க்கலாம்.

எங்கள் ஓதுவாரின் தட்டில் பதிகத்தின் முதல் நான்கு பாடல்களே உள்ளன. மறுபக்கத்திலும் அவற்றின் தொடர்ச்சி இல்லை. வேறொரு பதிகம் தொடங்கி, அதுவும் பாதியில் நின்றுவிடுகிறது. மீதி இருக்கும் இணைத்தட்டு எங்கள் பெட்டியில் கிடைக்கவில்லை. கருநீலச் சீட்டு, விளிம்பில் பொன்னிற வளையம். பரணை ஒழிக்கும் அன்பர்கள் அப்படி ஒன்றைக் கண்டால், எடைக்கடைக்காரரை ஒரு நாள் தாமதித்து வரச் சொல்லுங்கள்.